ஏழாவது வரிசைக் கைதட்டல்

கைதட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு நாள் ஒரு மோசமான நாடகத்துக்கு நடு வரிசையில் உட்கார்ந்து, தாங்களும் தட்டி ஊரையும் தட்டவைத்துப் பார்க்கட்டும். கை வலிப்பது கிடக்கட்டும், முகம் வலிக்கும். நம்முடைய ஆள் அதைப் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். அரங்கத்தில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் கை பட்ட நாடகம் ஓடும் என்று பழைய முதலாளி ஒருவர் எப்போதோ சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுப்பவருக்கே மறந்துபோய்விட்டது.

வேலை இதுதான். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர் மாதிரி ஏழாவது வரிசையில் நட்டநடுவில் உட்கார வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி தெரியும். முன்னால் உட்கார்ந்தால் முதலாளிக்குச் சொந்தக்காரர் மாதிரி தெரியும். பாட்டு முடிந்ததும் முதல் கைதட்டல் அவருடையது. அதையும் எடுத்த எடுப்பிலேயே ஓங்கித் தட்டிவிடக் கூடாது. உள்ளங்கையைக் குழித்து, மடிக்குப் பக்கத்தில் வைத்து, தொப் தொப்பென்று ஆரம்பிக்க வேண்டும். எங்கோ யாரோ தட்டுகிறார்கள் போலிருக்கிறது, நாம் சும்மா இருந்தால் ரசனை கெட்ட ஜென்மம் என்று நினைப்பார்களே என்று பக்கத்தில் இருப்பவர் கையை எடுப்பார். அவர் எடுத்தால் அவர் மனைவியும் எடுப்பார். அதற்குப் பிறகு விரித்த கையால் பளார் பளாரென்று தட்டலாம். மேலே பால்கனியில் ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவருக்கும் இதே வேலை. கீழே கைராசிக்காரர் தட்டுகிற சத்தம் கேட்டால்தான் அவர் தட்டுவார். கூட்டம் சூடு பிடித்ததும் இரண்டு பேரும் நைசாக நிறுத்திக்கொள்வார்கள். கடைசிவரை தட்டிக்கொண்டிருப்பவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

இந்த ஏற்பாடு மேனேஜருக்கும் இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிற வேலை என்று அவள் சின்னவளாக இருந்தபோது சொன்னது. அப்போது அது உண்மையாகவும் இருந்தது. அப்புறம் உத்தியோகம் மாறியது, சொன்னது மாறவில்லை. கூலிக்குக் கைதட்டுகிறேன் என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

வெளியே இப்படி வாரி வழங்குகிற மனுஷர், வீட்டுக்குள் வந்தால் படு கஞ்சன். பாராட்டு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழாது. "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டால், "உப்பு இருக்கு" என்பார். மகள் வகுப்பிலேயே முதலாவதாக வந்து நின்றபோது, "சரி, கை கால் அலம்பிட்டு வா" என்றார். பாராட்டு என்பது அரங்கத்தில் விற்கிற சரக்கு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பொய் வாடை அடிக்கும் என்பது அவர் எண்ணம். அது மகளுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் எதற்கும் மசியாத நீதிபதி. "எங்கப்பா ஒண்ணை நல்லாருக்குன்னு சொன்னா, அது நிஜமாவே நல்லாருக்குன்னு அர்த்தம். என்ன, இதுவரைக்கும் அவர் எதையும் சொன்னதில்லை" என்று சிநேகிதிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பிரம்மாண்டமான பாட்டு நாடகம் வந்து இறங்கியது. பெயர் 'ஏழு கடல் ராணி'. வெளியிலிருந்து வந்த பெரிய கம்பெனி, பணத்தை வாரி இறைத்தார்கள். மேடையில் நிஜ அருவி கொட்டியது. வீடு அளவுக்கு ஒரு கப்பல், மோட்டார் வைத்து, தானாக நகர்ந்து வந்தது. முன் வரிசைக்காரர்கள் நனையாமலிருக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஷீட் கொடுத்தார்கள். திரும்பிய பக்கமெல்லாம் போஸ்டர். எல்லாம் இருந்தது, கதையை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். ராணி கப்பலில் போகிறாள். ஏன் போகிறாள் என்று கேட்டால் பாடுகிறாள். பாடி முடித்ததும் தோழிகள் பாடுகிறார்கள். அவர்கள் முடித்தால் கப்பலோட்டி ஆரம்பிக்கிறான். அட, கொஞ்சம் பேசித்தான் தொலையுங்களேன் என்று கத்தத் தோன்றும்.

தோழிகள் கூட்டத்துக்கு ஆள் எடுத்தபோது மகள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பாடிக்காட்டித் தேர்வாகிவிட்டாள். நான்கு வரி தனியாகப் பாடுகிற வாய்ப்பும் கிடைத்தது. பின்னால் செட் மாற்றுகிற நேரத்தில், கையில் ஒரு விளக்கோடு மேடை ஓரத்தில் நின்று பாட வேண்டும். கைராசிக்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். "நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டை கட்டிக்கப்போகுது" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் நாளே நாடகத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது. இடைவேளையில் டீ வாங்குகிற வரிசையில் நின்று அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"செட்டு பிரமாதம், இல்ல?" என்றார் ஒருவர்.

"ஆமா, செட்டு பிரமாதம்" என்றார் இன்னொருவர். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. நாடகம் பார்க்க வந்தவர்கள் செட்டைப் பற்றி மட்டும் பேசினால் அந்த நாடகத்துக்குச் சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம்.

"சினிமாவுக்குப் போலாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவர் மனைவியிடம் முனகினார்.

"நீங்க எங்க சொன்னீங்க? குதிச்சுக்கிட்டுப் போய் டிக்கெட் எடுத்ததே நீங்கதான்."

"ரெண்டாம் பாதி நல்லாருக்குமாம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. இருக்கணும்ல?"

பையை இருக்கையில் விட்டுவிட்டு டீக்கு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், பையோடு வந்தவர்கள் அப்படியே வாசல் பக்கம் போவார்கள் என்பது கைராசிக்காரர் தன் அனுபவத்தில் கண்டது. அன்றைக்கு டீ குடித்தவர்களில் பாதிப் பேர் பையோடுதான் நின்றார்கள். மேனேஜர் சும்மா இருப்பாரா? மேடையிலிருந்து தண்ணீர் வழிந்து பக்கத்துக் கதவுகளெல்லாம் வழுக்குகிறது, பாதுகாப்பு கருதி மூடியிருக்கிறோம் என்று ஒரு அறிவிப்பு செய்தார். இனி போக வேண்டுமென்றால் எல்லார் கண்ணிலும் பட்டு, பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மானஸ்தர்கள் உட்கார்ந்தார்கள். வருங்காலச் சம்பந்தி வீட்டாரை மரியாதைக்கு அழைத்துவந்த ஒரு மனுஷர், அவர்கள் முகத்தைப் பார்ப்பதா மேடையைப் பார்ப்பதா என்று தெரியாமல் பிளாஸ்டிக் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில், ராணி தனியாக நின்று உருகிக்கொண்டிருந்த அமைதியான நேரத்தில், ஒரு குழந்தை கணீரென்று கேட்டது: "அம்மா, இந்த ராணி எப்பச் சாவா?"

ஐயோ, அந்தச் சிரிப்பும் கைதட்டலும்! அதற்கு யாரும் யாருக்கும் கூலி கொடுக்கவில்லை.

கைராசிக்காரர் பாடு அதைவிட மோசம். மற்றவர்களுக்கு ஒரு நாளோடு தலைவலி தீர்ந்தது, அவருக்குத் தினமும். எழுந்து போகிறவர்கள் எல்லாரும் அவர் முழங்காலை இடித்துக்கொண்டுதான் போனார்கள். "சார், கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒவ்வொருவரும் கேட்கும்போது அவருக்கு வயிறு எரிந்தது. கொடுத்துவைத்தவர்கள், எழுந்து போகிறார்கள். அவர் பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்க முடியாது, அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பாட்டு முடிந்துவிடும். வரிசை காலியாகி, அவர் மட்டும் நடுவில் தனித்து உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. குளிக்கும்போது ராணியின் பாட்டு மண்டைக்குள் ஓடியது. பல் தேய்க்கும்போது கப்பலோட்டி வந்தான்.

ஆனால் முதல் நாள் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மகள் விளக்கோடு வந்து நின்று அந்த நான்கு வரியைப் பாடியபோது, அங்கே தட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கவில்லை. பாடி முடித்தாள். கைராசிக்காரர் கை தானாக எழும்பித் தட்டிவிட்டது. குழிக்கவும் இல்லை, மடிக்குப் பக்கத்தில் வைக்கவும் இல்லை. பால்கனியில் போஸ்ட்மேன் ஒன்றும் புரியாமல் கூடத் தட்டினார். கூட்டமும் தட்டியது. கண் கலங்கியதை அவர் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "நேத்து அந்த விளக்குப் பொண்ணு பாட்டுக்கு ஒண்ணு தட்டினீங்களே, நல்லா எடுபட்டுச்சு. இனிமே தினமும் அந்த இடத்துல போட்டுடுங்க."

அது என் மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்றார். அத்தோடு அந்தக் கைதட்டலும் வேலையில் சேர்ந்துவிட்டது. பத்து நாள் போனதும், அவள் நன்றாகப் பாடுவதால் தட்டுகிறோமா, தட்ட வேண்டிய இடம் வந்ததால் தட்டுகிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அவள் படித்த படிப்புக்கேற்ற வேலை, நிரந்தரமானது. திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நான் போகலைப்பா" என்றாள் மகள். "பாட்டுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

"இந்த நாடகம் எத்தனை நாளைக்கு ஓடும்னு நினைக்கிறே?"

"இது ஓடலைன்னா இன்னொண்ணு. நான் பாடினா எடுபடுதுப்பா. எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். பாவிப் பெண், கூலிக் கைதட்டலை நம்பி ஒரு வாழ்க்கையையே தூக்கி எறியப் பார்க்கிறாளே! நாடகம் படுத்துவிட்டால் அதில் நடித்தவர்களை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதை அவர் எத்தனை பேர் விஷயத்தில் பார்த்திருக்கிறார். சமையலறையில் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவ கிட்ட போய் எப்படிச் சொல்றது?"

"பின்ன?"

"ஞாயித்துக்கிழமை மத்தியான ஷோவுல ஒரு தடவை தட்டாம விடறேன். நாம ஆரம்பிக்கலைன்னா ஒருத்தனும் தட்டமாட்டான். அவளுக்கே புரிஞ்சிடும்."

"இதுக்கு நேராச் சொல்லிடலாம்" என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் சரி. கேட்டால்தானே!

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சுமார். கைராசிக்காரர் மற்ற பாட்டுக்கெல்லாம் வழக்கம்போலத் தட்டினார். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "என்ன சார், உங்க வீட்டு ஆளுங்க யாராவது நடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"பொண்ணு" என்றார் இவர்.

"அதானே பார்த்தேன்" என்று கண்ணாடிக்காரர் பரிதாபத்தோடு திரும்பிக்கொண்டார்.

மேடை இருண்டது. விளக்கோடு மகள் வந்தாள். நான்கு வரியையும் பாடினாள். கைராசிக்காரர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. அரங்கம் கம்மென்று இருந்தது. பால்கனியில் போஸ்ட்மேன் கீழே சத்தம் வரட்டும் என்று காத்திருந்தார். யாரோ இருமினார்கள். யாரோ ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

மகள் போகவில்லை. போகவில்லை என்றால், போக முடியவில்லை. இங்கேதான் கைராசிக்காரருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. தினமும் அந்த இடத்தில் கைதட்டல் விழுந்ததால், கப்பலை இழுக்கிற மோட்டார்க்காரர் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் போடுகிற கடகட சத்தம் கைதட்டலில் அமுங்கிப்போகும், ஜனங்களுக்குக் கேட்காது. கைதட்டினால் மோட்டாரைப் போடு என்று அவருக்கு உத்தரவு. அன்றைக்குக் கைதட்டல் வரவில்லை, அவரும் மோட்டாரைப் போடவில்லை. கப்பல் வந்தால்தான் மகள் அதில் ஏறிப் போக வேண்டும். விளக்கும் கையுமாக அவள் அந்த ஒற்றை வெளிச்சத்துக்குள் நின்றாள்.

"வண்டி ரிப்பேரு டோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சபை கொல்லென்று சிரித்தது.

அவள் ஏழாவது வரிசைப் பக்கம் பார்த்தாள். இருட்டில் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, இருந்தாலும் நேராக இங்கேதான் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதே நான்கு வரியை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. கைராசிக்காரரால் தாங்க முடியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் கையை உருவி எடுத்துப் பைத்தியக்காரன் மாதிரி தட்டினார். போஸ்ட்மேனும் மேலிருந்து தட்டினார். சிரித்துக்கொண்டே சபையும் தட்டியது. கடகடவென்று கப்பல் வந்தது.

மாலையில் அப்பாவும் மகளும் ஒன்றாகத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த மகள் கேட்டாள்.

"முதல் தடவை ஏன்பா தட்டலை?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது?"

"முதல் தடவை பாடி முடிச்சப்ப ஏன் தட்டலைன்னு கேட்டேன்."

"நான் தட்டறது உனக்கு எப்படி..."

"உங்க கைச் சத்தம் எனக்குத் தெரியாதா? நீங்க கொசு அடிச்சாலே பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். முதல் நாளே தெரிஞ்சு போச்சு. சீட்டு காட்டற வேலை முடிஞ்சதும் உள்ள வந்து உக்காந்துடறீங்கன்னு நினைச்சேன்."

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தவங்க தட்டறதை நான் கணக்குலயே வச்சுக்கலைப்பா. நாடகம் எந்த லட்சணத்துல இருக்குன்னு உள்ள நிக்கற எங்களுக்குத் தெரியாதா? ஆனா நீங்க தட்டினீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லாத எங்கப்பா, தினமும் எனக்கு முதல் ஆளாத் தட்டறார். அதை வச்சுத்தான் வேலையே வேண்டாம்னு சொன்னேன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னிக்குத்தான் புரிஞ்சுது. பொண்ணாச்சேன்னு இத்தனை நாள் தட்டியிருக்கீங்க. இன்னிக்கு உங்களாலயே முடியலை. ரெண்டாந்தடவை தட்டினது பாவம் பாத்துத் தட்டினது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லிடறேன்."

காரியம் ஆகிவிட்டது. அவர் எது நடக்க வேண்டும் என்று கையைக் கட்டி உட்கார்ந்தாரோ, அது நடந்துவிட்டது. இனி அவர் பேசாமலிருந்தால் போதும். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உன் பாட்டு என் காதுக்கே பிடிக்கவில்லை என்று பெற்ற அப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற முகம். அதை எந்த அப்பனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியும்?

சொல்லிவிட்டார். ஏழாவது வரிசை, குழித்த கை, மேனேஜர், பால்கனி, எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்.

"போஸ்ட்மேன் மாமாவுமா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அப்ப நிஜமாத் தட்டினது யாருமே இல்லையா?"

"இருக்கும்மா. முதல் நாள். அன்னிக்கு யாரும் என்னைத் தட்டச் சொல்லலை. என் கை தானா எழும்பிச்சு." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நல்லாப் பாடினே. ரொம்ப நல்லாப் பாடினே."

அவள் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போதே தனக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார். உண்மைதான், சத்தியமான உண்மை.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நம்பணும்னு ஆசையாத்தான் இருக்குப்பா" என்றாள். "எப்படி நம்பறதுன்னுதான் தெரியலை."

என்ன சொல்லி நம்பவைப்பது? வேலையின்போது பக்கத்து இருக்கைக்காரர்களிடம் இதே முகத்தோடு, இதே குரலில், "ரொம்ப நல்லாப் பாடறாங்க, இல்ல சார்?" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர்களும் நம்பியிருக்கிறார்கள். இவளிடம் சொல்ல அவரிடம் வேறு முகமோ வேறு குரலோ இல்லை.

பஸ் இன்னும் நகரவில்லை. இறங்கி நடந்துவிடலாம் என்று பார்த்தால் வாசல்வரைக்கும் ஆட்கள்.

"நாளையிலேர்ந்து உன் பாட்டுக்கு நான் தட்டலைம்மா" என்றார்.

"தட்டாம எப்படி? கப்பல் வராதே. என்னை அங்கேயே நிக்கச் சொல்றீங்களா?"

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். ஆனால் அவளுக்குப் பதில் ஆள் கிடைக்கிறவரைக்கும் நாடகத்தை விட்டுப் போகக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. காலையில் பரிசோதனைக் கூடம், மாலையில் மேடை என்று அவள் ஓடினாள். அவர் ஏழாவது வரிசையில் உட்கார்ந்தார். அவள் பாடி முடித்ததும் உள்ளங்கையைக் குழித்து ஆரம்பித்தார். போஸ்ட்மேன் சேர்ந்துகொண்டார், கூட்டம் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் மலரும். இப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் எப்போது ஓயும் என்று நின்றாள்.